வெப்சைற் செய்து தரும் தம்பி தங்கச்சிமாருக்கு

யாழ்ப்பாணத்தில் கடைகளுக்கு வெப்சைற் செய்து கொடுக்கும் பிள்ளைகளே,

நான் சுன்னாகத்தில் மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் பனங்கட்டியும் விற்கிறவன். வாங்குகிறவர்களில் பாதிக்கு மேல் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் பக்கம் இருக்கிற எங்கட சனம்தான்.

எங்கள் வெப்சைற்றை உங்களில் ஒருவர்தான் செய்து தந்தார். கையோடு தளத்துக்கு வருகிறவர்களை எண்ணும் கூகிள் அனலிட்டிக்ஸையும் போட்டுவிட்டு, "அண்ணை, இனி ஆர் வந்தாலும் தெரியும்" என்றார். பொய்யில்லை, ஆனால் தெரிந்தது அவருக்குத்தான். கணக்கு அவருடைய ஜிமெயிலில் இருந்தது. அவர் கனடாவுக்குப் போனதும் கணக்கும் கூடவே போய்விட்டது. அதற்கிடையில் 2023 யூலை 1இல் கூகிள் பழைய அனலிட்டிக்ஸில் கணக்கெடுப்பதையே நிறுத்தி, எல்லோரையும் அதன் புதிய பதிப்பான ஜிஏ4க்கு மாறச் சொல்லியிருக்கிறது. எனக்கு எங்கே தெரியும்? ஒன்றையும் எண்ணாத கோட் ஒன்று மாதக்கணக்காக எங்கள் தளத்தில் சும்மா கிடந்ததை, பிறகு வந்த தங்கச்சிதான் கண்டுபிடித்தார்.

தயவுசெய்து கணக்கைக் கடைக்காரரின் மின்னஞ்சலிலேயே தொடங்குங்கள், உங்களுக்கு உள்ளே வர அனுமதி மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். வீடு கட்டிய மேசன் திறப்பைத் தன் மடியில் கட்டிக்கொண்டு போவதில்லையே.

கனடாவுக்குப் போன அந்தத் தம்பி இங்கே இருந்த நாளில் ஒரேயொரு ரிப்போர்ட் அனுப்பினார். பவுன்ஸ் ரேட், அதாவது ஒரு பக்கத்தோடு திரும்பிப் போகிறவர்களின் வீதம், கூட என்று சிவப்பில் போட்டிருந்தது. ஆட்கள் வந்த வேகத்தில் போகிறார்களாம், தளத்தின் நிறத்தை மாற்ற வேண்டுமாம். எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? ஒரு பக்கத்தைத் திறந்து, நம்பரைப் பார்த்து, வட்ஸ்அப்பில் எடுத்து, "தம்பி, எப்ப இடிச்ச தூள்?" என்று கேட்டு இரண்டு கிலோ சொல்வார்கள். கூகிளுக்கு அவர் ஒரே பக்கத்தோடு ஓடிப்போன ஆள், எனக்கு வியாபாரம். (ஒவ்வொரு நாளும் தவறாமல் வந்த நல்ல வாடிக்கையாளர்கள் யாரென்றால் என் மனைவியும் மகளும், ஓடர் வந்ததா என்று பார்க்க.)

இப்போது தளத்தைப் பார்க்கிற தங்கச்சி மைக்ரோசொஃப்ற் கிளாரிட்டியைப் போட்டார். இலவசம். வருகிறவர் எங்கே போகிறார், எதை அழுத்துகிறார் என்று வீடியோ மாதிரிக் காட்டும். ஒரு நாள் கடை பூட்டிய பிறகு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். ஜேர்மனியில் இருந்து யாரோ, மிளகாய்த்தூள் பைக்கற்றின் படத்தைக் கிளிக் செய்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பவும், ஐந்தாறு தரம். படம் பெரிதாகும், நிறை எவ்வளவு என்று வாசிக்கலாம் என்று நினைத்திருக்க வேண்டும். அப்புறம் எப்படியோ கடைசிப் பக்கம் வரை வந்தவர், தபால் செலவைக் கண்டதும் நின்றுவிட்டார். அம்புக்குறி கொஞ்ச நேரம் அசையவேயில்லை. பிறகு ஆளைக் காணவில்லை.

மறுநாளே படத்துக்குக் கீழே 500 கிராம் என்று போட்டோம், தபால் செலவை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தோம்.

பலன் இருந்தது, சரி. ஆனாலும் பார்க்கும்போது வேலிப் பொட்டுக்குள்ளால் பக்கத்து வளவை எட்டிப் பார்க்கிற கூச்சம் எனக்கு. கடைக்கு நேரே வருகிறவருக்கு நான் பார்ப்பது தெரியும், அந்த ஜேர்மனிக்காரருக்குத் தெரியாது. ஐரோப்பாவில் 2018 மே 25இலிருந்து ஜிடிபிஆர் என்ற தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கென்று யூரோவில் விலை போட்டு விற்றால், கடை சுன்னாகத்தில் இருந்தாலும் அது எங்களையும் பிடிக்கும். இங்கேயும் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. இதை எனக்கு உங்களில் ஒருவரும் சொல்லவில்லை. போதாததற்கு, வருகிறவர் செய்வதை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக்குக்குச் சொல்லும் கோட், ஃபேஸ்புக் பிக்சல், வேறு தளத்தில் கிடந்தது. நான் ஒரு நாளும் ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட்டதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "எல்லாருக்கும் போடுறதுதானே அண்ணை" என்றார்கள்.

எல்லாருக்கும் போடாதீர்கள். என்ன தெரிய வேண்டும் என்று கடைக்காரரைக் கேட்டு, அதற்கு மட்டும் போடுங்கள். வருகிறவரைக் கவனிக்க அவரிடம் சம்மதம் கேட்கும் பெட்டியைத் தமிழிலும் வையுங்கள், 'வேண்டாம்' பொத்தான் 'சரி' பொத்தானின் அளவிலேயே இருக்கட்டும், வேண்டாம் என்றவருக்கு உண்மையிலேயே ஒன்றும் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கனடாவில் இருக்கும் தம்பி இதை வாசித்தால், எனக்குக் கோபமில்லை. டொமைன், அதுதான் எங்கள் தளத்தின் முகவரி, ஆருடைய பெயரில் இருக்கிறது என்று மட்டும் ஒருக்கால் பார்த்துச் சொல்லும்.