யார் பாடாந்தரம்னு எழுத்துலயும் சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்கழி நெருங்குது, வழக்கம்போல உங்க பேப்பர்ல இசை விழா இணைப்பு வரும், ராகம் பண்ணு பத்தியெல்லாம் கட்டுரை போடுவீங்க, நானும் அதை வெட்டி வெச்சு எங்கிட்ட படிக்கற புள்ளைங்களுக்கு படிச்சுக் காட்டுவேன். அதனாலதான் இப்பவே எழுதறேன். "ஆய்வாளர்கள் கூறுகின்றனர்"னு வர்ற எடத்துல எல்லாம் எந்த ஆய்வாளர், எந்த வருஷம், எங்க எழுதினார்னு ஒரு வரி சேர்த்துப் போடுங்க. நெட்ல இருந்து எடுத்ததா இருந்தா கண்டிப்பா போடுங்க.

நான் கும்பகோணத்துல இருவது வருஷமா வாய்ப்பாட்டும் வீணையும் சொல்லிக் கொடுக்கறேன். எங்கிட்ட படிச்ச பையன் ஒருத்தன் போன வருஷம் சிலப்பதிகாரத்து ஏழு பாலைக்கும் (அந்தக் காலத்து ஸ்வர வரிசைங்க) இப்ப நாம பாடற ராகத்துக்கும் பொருத்தம் காட்டி ஒரு டேபிள் போட்டு நெட்ல ஏத்தினான். ஆர்மோனியத்துல வெள்ளைக் கட்டை மட்டும் வெச்சுக்கிட்டு ஹரிகாம்போதி வர்ற எடத்துல ஆரம்பிச்சா அது செம்பாலை, அடுத்த கட்டையை ஸட்ஜமாக்கினா, அதாவது "ஸ"வா வெச்சா, நடபைரவி, அதாவது படுமலைப்பாலை, இப்படியே நகர்த்திக்கிட்டே போனா அரும்பாலை சங்கராபரணம், கோடிப்பாலை கரகரப்ரியா, விளரிப்பாலை தோடி, மேற்செம்பாலை கல்யாணி. நடுவுல மூணாவதா வர்ற செவ்வழிப்பாலைதான் சிக்கல், அங்க ஆரம்பிச்சா பஞ்சமமே ("ப") விழாது, ரெண்டு மத்யமம் ("ம") வந்து நிக்கும், அதனால கர்நாடக இசையில தாய் ராகம்னு சொல்ற 72 மேளத்துல அதுக்கு எடமே கெடையாது. பையன் அந்த வரிக்கு ஒரு ஸ்டார் போட்டு, இதையெல்லாம் கீழ விளக்கி, இந்தப் பொருத்தம் இசை அறிஞர் எஸ். ராமநாதன் அமெரிக்காவுல வெஸ்லியன் யுனிவர்சிட்டில சிலப்பதிகார இசை பத்தி பண்ணின ஆய்வை வெச்சுப் போட்டதுன்னும் எழுதியிருந்தான்.

நாலு மாசம் கழிச்சு ஒரு வார இதழ்ல அதே டேபிள் வந்துச்சு. ஸ்டார் இல்ல, கீழ இருந்த விளக்கம் இல்ல, ராமநாதன் பேர் இல்ல, பையன் பேரும் இல்ல. செவ்வழிக்கு நேரா வெறும் தோடின்னு போட்டாச்சு, விளரிக்கும் தோடி. பையன் அவசரத்துல கைக்கிளைங்கற பழைய ஸ்வரப் பேரை "கைகிளை"ன்னு டைப் பண்ணியிருந்தான், அந்தப் பிழை மட்டும் பத்திரமா அச்சுல இருந்துச்சு. ஒரு சின்னப் பொண்ணு அதைக் கொண்டாந்து "டீச்சர், ரெண்டு பாலைக்கும் ஒரே ராகமா"ன்னு கேட்டா. கட்டுரையில ஒரு பேர் இருந்திருந்தா அவளே தேடிப் போய் அந்த ஸ்டாரைப் பாத்திருப்பா. எனக்கு வருத்தம் பையன் பேர் போனதுல மட்டும் இல்லீங்க, சரி பாக்கற வழியையே அடைச்சுட்டாங்களேன்னுதான்.

இன்னொண்ணு, செம்பாலை ஹரிகாம்போதிதான்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கன்னு இல்ல, சங்கராபரணம்னு வாதாடினவங்களும் உண்டு. "ஆய்வாளர்கள்"னு மொத்தமா போட்டுட்டா அந்த வாதம் நடந்ததே படிக்கறவங்களுக்குத் தெரியாம போயிடுது.

நெட்ல பக்க எண் இல்லையே எப்படிக் குறிப்பிடறதுன்னு ஒருத்தர் எங்கிட்ட கேட்டார். அமெரிக்காவுல மியூசிக் தியரி ஆன்லைன்னு ஒரு ஆய்விதழ் 1993லயே நெட்லதான் ஆரம்பிச்சாங்க, யாரு வேணும்னாலும் காசு இல்லாம படிக்கலாம், பக்கம் கெடையாதுங்கறதால ஒவ்வொரு பத்திக்கும் நம்பர் போட்டிருப்பாங்க. எழுதினவர் பேர், கட்டுரைத் தலைப்பு, இத்தனாவது தொகுதி, இத்தனாவது பத்தின்னு சொன்னா போதும், யாரு வேணா அந்த எடத்துக்கே போய் நிக்கலாம். பத்தி நம்பர் இல்லாத எடமா இருந்தா பேரும் தலைப்பும் நாம பாத்த தேதியும் போடலாம், ஏன்னா நெட்ல இருக்கறதை எழுதினவங்களே மாத்துவாங்க, சில சமயம் பக்கமே காணாம போகும். சும்மா படிக்கக் கெடைக்குதுங்கறதால அது சொந்தக்காரன் இல்லாத பொருள் ஆயிடாது.

இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம்னு நெனச்சுடாதீங்க. அடியார்க்கு நல்லார் சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதறப்ப இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரத சேனாபதீயம், மதிவாணர் நாடகத் தமிழ்நூல்னு எதையெதை வெச்சு எழுதறேன்னு பேர் சொல்லித்தான் எழுதினார். அவர் சொன்னதாலதான் அந்த நூல்கள் இருந்துச்சுன்னு இவ்ளோ காலம் நம்ம ஆளுங்க ஞாபகம் வெச்சிருந்தாங்க, அதுல பஞ்சமரபு பிற்பாடு சுவடியா கெடச்சு அச்சுக்கே வந்துச்சு. அவரும் "முன்னோர் கூறுவர்"னு மட்டும் எழுதிட்டுப் போயிருந்தா சுவடி கைக்கு வந்தப்ப அதோட அருமை யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?

கச்சேரியிலயும் அப்படித்தானே, இது இன்னார் பாடாந்தரம், அதாவது இன்னார் வழியா வந்த பாடற முறைன்னு சொல்லித்தான் பாடறோம், தீட்சிதர் க்ருதின்னா அவரோட கையெழுத்து மாதிரி குருகுஹ முத்திரை பாட்டுக்குள்ளயே வந்து உக்காந்துடுது. மேடையில இவ்ளோ கவனமா இருக்கறவங்க பேப்பருக்கு எழுதறப்ப ஏன் விட்டுடறாங்கன்னு எனக்குப் புரியல. தேவாரப் பண் பத்தி எழுதறவங்களுக்கும் இதேதான், ஓதுவார் ஒருத்தர் பாடினதை ரெக்கார்டிங்ல கேட்டு ஸ்வரப்படுத்தி ஆய்வு பண்ணியிருந்தா ஆய்வு பண்ணினவர் பேரோட அந்த ஓதுவார் பேரும் வரணும், பாட்டு அவர் தொண்டையில இருந்துதான் வந்துச்சு.

இடம் பத்தாதுன்னு சொல்லுவீங்க. கட்டுரைக்கு கீழ பொடி எழுத்துல ரெண்டு வரி போதும், இல்லன்னா கட்டுரைக்குள்ளயே பேரைச் சொல்லிடலாம். எழுதி அனுப்பறவங்ககிட்ட எங்கேர்ந்து எடுத்தீங்கன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டாலே பாதி சரியாயிடும். பையன் கைக்கிளையைத் திருத்தி, ஸ்டாரை சிவப்புல பெருசா மாத்தி டேபிளைத் திரும்ப ஏத்தியிருக்கான். உங்க இணைப்புக்கு வேணும்னா தாராளமா எடுத்துக்கலாம்னு சொல்லச் சொன்னான், ஸ்டாரையும் ராமநாதன் பேரையும் மட்டும் விட்டுடாதீங்க.

இப்படிக்கு,
ஒரு இசை ஆசிரியை,
கும்பகோணம்