ஊர் முகப்பில் நெடுஞ்சாலை: ஊர்க்காரர்களையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊர் முகப்பில் தேசிய நெடுஞ்சாலையை நான்கு வழியாக அகலப்படுத்த அளவுக்கல் நட்டுவிட்டார்கள். ரோடு வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. நான் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். எதிரே லாரி வந்தால் ஒதுங்க இடமில்லாமல் அந்த ரோட்டில் நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். தாராளமாக அகலப்படுத்தட்டும். ஆனால் பஸ் எங்கே நிற்கும், ஜனங்கள் எந்த இடத்தில் கடப்பார்கள், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதையெல்லாம் வரைபடம் முடிவாகும் முன்பே ஊர்க்காரர்களிடம் கேட்க வேண்டும். இதுவரை யாரும் கேட்கவில்லை.

நிலம் போகிறவர்களுக்கு மட்டும் அறிவிப்பு வந்தது. முகப்பில் கடை வைத்திருக்கும் நண்பருக்குத் துணையாக ஒரு வழக்கறிஞரிடம் போயிருந்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். 1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3-ஏ பிரிவில் நிலம் எடுக்கப்போவதாக அறிவிக்கை வந்தால், 3-சி பிரிவின்படி 21 நாட்களுக்குள் ஆட்சேபனை கொடுக்கலாம். ஆனால் அந்த நிலத்தில் உரிமையோ பாத்தியமோ உள்ளவர்தான் கொடுக்க முடியும். 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில், ஜனங்களுக்கு என்ன பாதிப்பு வரும் என்று பார்க்கும் சமூகத் தாக்க மதிப்பீடும் பொது விசாரணையும் உண்டு, ஆனால் தேசிய நெடுஞ்சாலைக்கு எடுக்கும் நிலத்துக்கு அவை பொருந்தாது. 100 கிலோமீட்டர் வரையிலான விரிவாக்கத்துக்கு, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் 2013-இல் வந்த திருத்தத்தின்படி, சுற்றுச்சூழல் முன் அனுமதியும் தேவையில்லை. அதனால் அதற்கான கருத்துக்கேட்புக் கூட்டமும் கிடையாது. ஒரு சென்ட் நிலம் போகிறவருக்குப் பேச ஒரு வழி இருக்கிறது. அது இருக்கவே வேண்டும். தினமும் அந்த ரோட்டைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்காகப் பேசத்தான் ஒரு வழியும் இல்லை.

நான் பார்த்த வேலையை வைத்துச் சொல்கிறேன். நான்கு வழிச்சாலை வந்த பல ஊர்களில் தொலைதூரப் பஸ்கள் ஊருக்குள் வருவதில்லை. நடுராத்திரியில் பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுகின்றன. டிரைவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எங்கே இறங்கி ஊருக்குள் நுழைவது, எந்த இடத்தில் மறுபடி மெயின் ரோட்டில் ஏறுவது என்பதை ரோடு போடும்போதே யோசித்திருந்தால்தான் அவரும் நேரம் தவறாமல் உள்ளே வந்து போக முடியும். பஸ் நிற்பது ஒரு பக்கம், ஊர் மறுபக்கம். வெளிச்சம் இருக்காது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் முதலில் பையை மீடியனுக்கு மேலே தூக்கி வைத்துவிட்டு, பிறகு தானும் ஏறி அந்தப் பக்கம் இறங்கியதைப் பஸ்ஸில் இருந்தபடி பார்த்திருக்கிறேன். எங்கள் ஊருக்கு அந்த நிலை வரக்கூடாது.

ஊர்ப் பெயர் பொறித்த வளைவைத் தாண்டினால் இடது கைப்பக்கம் ஓர் ஆலமரம். ஜனங்கள் அங்கேதான் பஸ் ஏறுவார்கள். கொஞ்சம் தள்ளி நிழற்குடை இருக்கிறது, அதில் யாரும் நிற்பதில்லை. பள்ளிக்கூடத்துச் சந்தும் ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதையும் அந்த மரத்தடியில்தான் ரோட்டில் வந்து சேர்கின்றன. அப்படியானால் ரோட்டைக் கடக்கப் போடும் சுரங்கப்பாதையும் அங்கேதான் வர வேண்டும். அளக்க வந்தவர்களிடம் விசாரித்தேன். அரை கிலோமீட்டர் தள்ளி, ரோடு ஏற்கெனவே மேடாக இருக்கும் இடத்தில் வரும் என்றார்கள். செலவு குறையும் என்பது புரிகிறது. ஆனால் கடப்பதற்காக யாரும் அரை கிலோமீட்டர் போய் அரை கிலோமீட்டர் திரும்பி வர மாட்டார்கள். கம்பி வேலி போட்டாலும் வளைத்துவிட்டு மரத்தடிக்கு நேரேதான் கடப்பார்கள். டூவீலர்கள் சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வரும். சுரங்கப்பாதையின் உயரத்தையும் இப்போதே பார்க்க வேண்டும். கார் போகும் அளவுக்கு மட்டும் கட்டிவிட்டால் டவுன் பஸ்ஸும் வைக்கோல் லாரியும் ஊரைச் சுற்றித்தான் வர வேண்டியிருக்கும்.

ஏரியின் உபரித் தண்ணீர் மூன்று கண் பாலம் வழியாக ரோட்டைக் கடக்கிறது. ரோட்டை உயர்த்திவிட்டு அந்த இடத்தில் குழாய் பதித்தால் கீழத்தெரு வீடுகளுக்குள் தண்ணீர் புகும். எந்த ஐப்பசியில் எந்தப் படி வரை ஏறியது என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். சர்வே நடந்ததோ நல்ல வெயில் காலத்தில். ரோட்டின் இரண்டு பக்கமும் நிற்கும் புளியமரங்களைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன்: ஒரு பக்கமாக அகலப்படுத்தினால் மறுபக்கத்து வரிசையாவது தப்பும்.

ஊரைக் கேட்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றாலும், கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கிராமங்களுக்குக் கிராம சபை இருக்கிறது. நகராட்சிகளுக்கும் 2022 முதல், வார்டு ஜனங்கள் கூடிப் பேசும் பகுதி சபை வந்துவிட்டது. வருகிற நவம்பர் 1 உள்ளாட்சி தினக் கூட்டங்களில், டெண்டர் விடும் முன், இந்த வரைபடத்தை எங்கள் வார்டுகளிலும் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊராட்சிகளிலும் வைக்க வேண்டும். அதில் பள்ளிக்கூடம், ஆலமரம், மூன்று கண் பாலம் எல்லாம் தமிழில் குறித்திருக்க வேண்டும். பொறியாளர் நேரில் வந்து விளக்க வேண்டும். எந்தக் கோரிக்கையை ஏற்றார்கள், எதை ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் பதில் தர வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு நானும் வருவேன். மரத்தடியில் பஸ் ஏறுகிறவர்களையும் கூட்டி வருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர்