தகவல் வரவில்லை என்பதைப் பூஜ்யம் என்று காட்டும் மென்பொருள்: புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். உங்கள் நோய்க் கண்காணிப்பு மென்பொருளை மூன்று வருடமாகப் பயன்படுத்தும் பொதுச் சுகாதாரக் குழுவில் வேலை பார்க்கிறேன். போன மாத அப்டேட்டுக்குப் பிறகு நடந்ததைப் பற்றி இரண்டு முறை புகார் பதிந்தேன், இரண்டையும் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டீர்கள். எதுவும் தீரவில்லை.

அப்டேட் போட்ட மறுநாளே எங்கள் திரையில், மருத்துவமனைகளிலிருந்து வரும் வாந்தி, வயிற்றுப்போக்கு கேஸ்களின் தினசரி எண்ணிக்கையைக் காட்டும் கோடு இறங்கியது. நோய் குறைகிறது என்று நம்பினோம். உண்மையில் ஒரு பெரிய மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து தகவல் வருவதே நின்றுபோயிருந்தது, உங்கள் மென்பொருள் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு மொத்தத்தில் சேர்த்துவிட்டது. இரவு பகலாகத் திறந்திருக்கும் ஒரு பிரிவுக்கு நாள் முழுக்க ஒரு நோயாளிகூட வராமல் இருப்பாரா? இந்தச் சந்தேகம் மென்பொருளுக்கு வந்திருக்க வேண்டும். ஆறாவது நாள் அங்கிருந்து ஒரு நர்ஸ் போன் செய்து, "இங்கே ஒரே வாந்தி பேதி கேஸா வருதே, உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் இணைப்பு திரும்பியது, ஆனால் அந்த ஆறு பூஜ்யங்களும் கணக்கிலேயே இருந்தன. நாங்கள் பயன்படுத்துவது சி2 முறை. இன்றைய எண்ணிக்கையை, இடையில் இரண்டு நாள் விட்டு அதற்கு முந்தைய 7 நாட்களோடு ஒப்பிட்டு, சராசரிக்கு மேல் மூன்று திட்டவிலக்கத்தை (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) தாண்டினால் எச்சரிக்கும். தகவல் திரும்பிய ஆறாவது நாளுக்கு அந்த 7 நாளில் நான்கு பூஜ்யம், மூன்று நிஜ நாள். தினம் 20 கேஸ் வரும் இடம் என்று வைத்துக் கையால் போட்டுப் பார்த்தேன். சராசரி 8.6 ஆகிறது, திட்டவிலக்கம் 10.7 ஆக வீங்குகிறது, எச்சரிக்கை வர 41 கேஸ் வேண்டும். 35 பேர் வந்தாலும் சத்தமே வராது! ஆரம்பத்தில் கோட்டைத் தாழ்த்திக் காட்டியது, அப்புறம் எச்சரிக்கையையும் அடக்கிவிட்டது.

இன்னொன்று, நோயாளி வந்த காரணத்தை நர்ஸ் தட்டச்சு செய்யும் பெட்டி. அப்டேட்டுக்குப் பிறகு நீளமான வாக்கியங்களின் வால் வெட்டப்படுகிறது. "நேற்று முதல் இருமல், தொண்டை வலி, காய்ச்சல் இல்லை" என்று அவர் எழுதியது எங்களுக்கு "காய்ச்சல்" வரைதான் வந்து சேர்ந்தது, அந்த நோயாளி காய்ச்சல் கணக்கில் விழுந்துவிட்டார். நம் மொழியில் 'இல்லை' கடைசியில்தானே வரும், வாலை வெட்டினால் அர்த்தமே தலைகீழாகிவிடும்.

இதற்கு நீங்கள் அனுப்பிய பதிலில் ஐசிடி-10 நோய்க் குறியீட்டைப் பயன்படுத்தச் சொல்லியிருந்தீர்கள். அந்தக் குறியீடு மருத்துவர் பார்த்த பிறகு வருவது, சில சமயம் நோயாளி வீட்டுக்குப் போய் நாட்கள் கழித்துத்தான் வரும். பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே, நோயாளி வாசலில் சொன்ன வார்த்தையிலிருந்து ஏதோ நடக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் இந்த ஏற்பாடே இருக்கிறது. அதை விற்கும் உங்களுக்கு இதை நான் எழுத வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது. போனில் பேசிய உங்கள் பொறியாளர் பொறுமையாகக் கேட்டார், அவர்மேல் குறை இல்லை. அவர் எழுதிய குறிப்பை மேலே யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

தகவல் வராத நாளைக் கோட்டில் இடைவெளியாகக் காட்டுங்கள், அந்த நாட்களைச் சராசரியில் சேர்க்காதீர்கள். ஒரு மருத்துவமனையிலிருந்து சில மணி நேரம் எதுவும் வராவிட்டாலே எங்களுக்குத் தெரிய வேண்டும். வெட்டுப்பட்ட பதிவுகள் எல்லாவற்றையும் முழுசாக மறுபடி அனுப்புங்கள், பழைய கணக்கைத் திருத்த அவை எங்களுக்கு வேண்டும். எந்தத் தேதிக்குள் செய்வீர்கள் என்று பொறுப்பான ஒருவர் எழுத்தில் பதில் தரட்டும். அதுவரை இந்த மாதப் பில்லை நிறுத்தி வைக்கும்படி எங்கள் கணக்குப் பிரிவிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
நோய்க் கண்காணிப்புக் குழுவிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்