ஒன்பது சங்கிலிக் கூடைகளுக்கு ஒரு வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் ஊர் கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பதினைந்து பேர் தட்டு வீசிக்கொண்டே நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது டிஸ்க் கால்ஃப். பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதில் கூடை. குறைந்த வீச்சில் கூடையில் போட்டு முடித்தவருக்கு ஜெயம். அவ்வளவுதான்.

கூடைதான் இப்போது பிரச்சினை. கல்யாண சமையல்காரர் ஒருவர் கழித்துப்போட்ட அன்னக்கூடைகளைக் கம்பத்தில் கட்டி ஆடிக்கொண்டிருக்கிறோம். தட்டு 'டங்'கென்று விளிம்பில் பட்டுத் தெறிக்கும். வேறு ஊராக இருந்தால் காலடியிலேயே கிடக்கும். இங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அதை வண்டிச்சக்கரம் மாதிரி உருட்டிக்கொண்டு போய்க் கிளுவை வேலிக்குள் செருகிவிடும். முள்ளுக்குள் கையை விட முடியாது. தொரட்டிதான்.

காற்றின் மேல் எங்களுக்குக் குறை இல்லை, ஆட்டத்தின் ருசியே அதுதான். தூரத்துக் காற்றாலை எந்தப் பக்கம் முகம் திருப்பி நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தட்டை எடுப்போம். எதிர்காற்றில், வலக்கைக்காரர் நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து வீசும் தட்டு வலப்பக்கம் கவிழும். பின்காற்றில் மிதக்காமல் பொத்தென்று இறங்கும். ஆடி மாதத்தில் 175 கிராம் கனத்தட்டைத் தாழ்வாக வீசினால்தான் பிழைப்பு. எங்களில் ஒருவர் போன ஆடியில் அண்ணாந்து வீசியது இன்னும் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் கிடக்கிறது.

கூடைக்கு மேல் சங்கிலி தொங்கினால் தட்டின் வேகத்தை அது வாங்கிக்கொண்டு கூடைக்குள் விட்டுவிடும். 1975இல் கலிபோர்னியாவில் எட் ஹெட்ரிக் முதல் நிரந்தர டிஸ்க் கால்ஃப் தளம் அமைத்தபோது அங்கேயும் வெறும் கம்பங்கள்தான் இலக்கு. சங்கிலிக் கூடை அப்புறம்தான் வந்தது. நாங்கள் இன்னும் அந்த 'அப்புறம்' வராமல் நிற்கிறோம்.

காடு கொடுத்த பெரியவர், "ஏன் கண்ணு, கம்பத்தை நட்டுப்போட்டா மாடு எங்க மேயறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் மண்ணுக்குள் குழாய் மட்டும் சிமெண்டில் நிற்கும், கூடைக் கம்பத்தை அதில் சொருகி எடுத்துக்கொள்ளலாம். மாடு மேயாத பட்டியில்தான் ஆட்டம். வெள்வேல மரம் ஒன்றைக்கூடத் தொட மாட்டோம், கொழுக்கட்டைப் புல்லை உழவும் மாட்டோம்.

உள்ளூர் வெல்டிங் பட்டறையில் ஒரு கூடைக்கு 8,500 ரூபாய் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பதுக்கு 76,500. கையில் 31,000 சேர்ந்திருக்கிறது, இன்னும் 45,500 வேண்டும். முழுக் கூடை ஒன்றைத் தருபவர் பெயரை அதன் மேல் வளையத்தில் எழுதுவோம். நூறு ரூபாயும் சரி, அரை மூட்டை சிமெண்டும் சரி, பழைய மாட்டுச் சங்கிலியும் சரி. சங்கிலி துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, தேய்த்துக்கொள்கிறோம். ரசீது உண்டு. வரவு செலவை மாதாமாதம் பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டுவோம்.

ஞாயிறு காலை 6 மணிக்குப் படல் திறந்திருக்கும். வந்து ஒரு தட்டு வீசிப் பார்த்துவிட்டுக்கூடக் கொடுக்கலாம். காற்று எழும்ப எட்டு மணி ஆகும், அதற்குள் வந்தால் உங்களுக்கு நல்லது.

இப்படிக்கு,
கொறங்காட்டுத் தட்டு விளையாட்டுக் குழுவினர்