ஒரு கட்டையைப் பிளந்து காட்டுங்கள்: விறகு வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

விறகு வணிகர் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

என்ன விஷயமாக எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். இதற்கு முன் மூன்று கடிதம் எழுதிவிட்டேன். முதல் கடிதத்துக்கு ‘தங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று பதில் வந்தது. இரண்டாவதற்கும் அதே பதில், தேதி மட்டும் வேறு. மூன்றாவதற்கு அதுவும் இல்லை. சரி, நான்காவதை எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேட்பது ஒன்றே ஒன்றுதான். விறகை இறக்கும்போது, வாங்குகிறவர் கைகாட்டும் ஒரு கட்டையை அங்கேயே பிளந்து, பிளந்த முகத்தில் ஈரத்தை அளந்து, அந்த எண்ணைப் பில்லில் எழுதிக் கொடுங்கள். கோடாலி உங்களிடம் இருக்கிறது. ஈரமானி என்பது ஊசியைக் குத்தினால் மரத்தின் ஈரத்தைச் சதவீதத்தில் காட்டும், சட்டைப் பையில் அடங்கும் கருவி. மொத்த வேலையும் இரண்டு நிமிடம்.

இந்தக் குளிர்காலத்தின் முதல் லோடு வந்த அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். பில்லில் ‘நன்கு காய்ந்த விறகு’ என்றுதான் போட்டிருந்தது. அன்று என் அம்மா வீட்டுக்கு வந்திருந்தார். எண்பது வயது, லேசான இளைப்பு. எங்கள் கணப்பு கண்ணாடிக் கதவு போட்ட விறகு அடுப்பு. அதில் போன வருடத்துச் சுள்ளிகளை அடுக்கிப் பற்ற வைத்தேன், நன்றாகவே பிடித்தது. அதன்மேல் உங்கள் கட்டைகள் இரண்டை வைத்துக் கதவைச் சாத்தினேன். பத்து நிமிடத்தில் உள்ளேயிருந்து ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். கட்டையின் இரு முனையிலும் நுரை கட்டி, தண்ணீர் கொப்பளித்துச் சொட்டுகிறது. கண்ணாடி முதலில் பழுப்பானது, பிறகு கறுத்தது. காற்று வரும் வழியை முழுக்கத் திறந்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்துப் பார்த்தேன், புகை மொத்தமும் அறைக்குள் வந்தது. எச்சரிக்கைக் கருவி அலற ஆரம்பித்தது.

பிறகு என்ன செய்வது? சன்னலைத் திறந்தேன். வீட்டைச் சூடாக்குவதற்காகக் கணப்பை மூட்டி, அந்தக் கணப்பின் புகை போவதற்காகக் குளிர்கால ராத்திரியில் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு மணி நேரம் கழித்து அறையின் வெப்பநிலை 12 டிகிரி. கணப்பின் மேல்தகட்டில் உள்ளங்கையை வைத்தேன். சாதாரணமாக அதன் பக்கத்தில் கையைக் கொண்டுபோகவே யோசிப்போம். அன்று வைத்த கையை எடுக்காமல் அப்படியே நிற்க முடிந்தது.

அம்மா எழுந்து வந்து, அடுக்கியிருந்ததில் இரண்டு கட்டைகளை எடுத்தார். எடை பார்க்கிற மாதிரி கையில் தூக்கிப் பார்த்தார். ஒன்றோடு ஒன்றைத் தட்டினார். காய்ந்த கட்டையாக இருந்தால் ‘டங்’ என்று கணீரென ஒலிக்கும். இது ‘தொப்’ என்றது. “இது விறகு இல்லடா, மரம்” என்று சொல்லிவிட்டுக் கீழே வைத்தார். அப்புறம் இன்னொரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போய்ப் படுத்தார். விடிய விடிய இருமல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். உங்கள் விறகு அந்தப் பழமொழியையும் பொய்யாக்கிவிட்டது.

மறுநாள் போன் செய்ததும் உங்கள் ஆள் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார், அதைச் சொல்லிவிட வேண்டும். ஈரமானியும் கொண்டு வந்திருந்தார். கட்டையின் வெட்டு முனையில் இரண்டு ஊசிகளையும் குத்தி, “சார், நீங்களே பாருங்க, பதினேழுதான் காட்டுது” என்றார். வெயிலும் காற்றும் பட்ட முனை எப்போதுமே முதலில் காய்ந்துவிடும். அங்கே குத்தினால் நேற்று வெட்டிய மரத்தைத் தவிர எல்லாமே காய்ந்த விறகுதான். அதே கட்டையை என் கோடாலியால் பிளந்து, உள்முகத்தில் நடுவில் குத்தச் சொன்னேன். 38. அவர் கருவியை ஒருமுறை உதறிவிட்டு மறுபடி குத்தினார். 38தான்.

“போன வருஷம் வெட்டின மரம் சார்” என்றார். நம்புகிறேன். வெட்டியது போன வருடம், பிளந்தது போன வாரம். முழு உருளையாகக் கிடக்கும் மரத்துக்குப் பட்டை மழைக்கோட்டு மாதிரி. வெளித் தண்ணீரையும் உள்ளே விடாது, உள்ளிருக்கும் தண்ணீரையும் வெளியே விடாது. ஒரு வருடம் அப்படிக் கிடந்தாலும் நடுவில் பச்சையாகவே இருக்கும். விறகு காய ஆரம்பிப்பது பிளந்த நாளிலிருந்துதான். பிளந்து, தரையில் படாமல் உயர்த்தி அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விட வேண்டும். மென்மரங்களுக்கு அப்படியும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். ஓக் மாதிரி வன்மரம் என்றால் இரண்டு வருடம்கூட ஆகலாம். இதெல்லாம் எனக்கு யார் சொல்லிக் கொடுத்தது தெரியுமா? உங்களிடையே இருந்த ஒரு பழைய வியாபாரிதான். அவரிடம் பத்து வருடம் விறகு வாங்கினேன், ஒரு தடவைகூட ஈரமானி தேவைப்படவில்லை. அவர் தொழிலை விட்ட பிறகுதான் அந்தக் கருவியை வாங்கினேன்.

38 என்பது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம் என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். 30ஐத் தாண்டினால் இந்தக் கருவிகள் அவ்வளவு துல்லியமாகக் காட்டுவதில்லை. அதோடு, பெரும்பாலான ஈரமானிகள் காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டுத்தான் ஈரத்தைச் சொல்லும். காய்ந்த விறகில் ஈரம் இதைத் தாண்டக் கூடாது என்று சொல்லும் 20 சதவீத வரம்போ பெரும்பாலும் தண்ணீரும் சேர்ந்த மொத்த எடைக் கணக்கு. அந்த 20 இந்தக் கருவியில் 25 என்று காட்டும். என் 38ஐ அப்படி மாற்றினால் 27 அல்லது 28 வரும். நீங்கள் எந்தக் கணக்கில் எழுதினாலும் எனக்குச் சம்மதம். எந்தக் கணக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள், போதும்.

ஏழெட்டு சதவீதம் கூடியதற்கா இவ்வளவு பெரிய மடல் என்று கேட்பீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்க ஏறத்தாழ 0.7 யூனிட் (கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்) வெப்பம் செலவாகிறது. நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் இருப்பதே ஏறத்தாழ 4 யூனிட்தான். அந்த நஷ்டத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம், இரண்டு கட்டை கூடப் போட்டால் சரியாகிவிடும். ஆனால் விறகு எரிவது அப்படி இல்லையே. கட்டை சூடாகும்போது அதிலிருந்து வாயுக்கள் கிளம்புகின்றன. நாம் பார்க்கும் தீநாக்கு அவை எரிவதுதான். விறகின் வெப்பத்தில் பாதிக்கு மேல் அதிலிருந்துதான் கிடைக்கிறது. அவை முழுக்க எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருந்தால் கணப்புக்குள் அந்தச் சூடு எங்கே வரும்? எரியாத வாயு புகையாக மேலே போகிறது. குளிர்ந்த புகைபோக்கியின் சுவரில் பட்டு, தாராகப் படிகிறது.

அதையும் பார்த்துவிட்டேன். புகைபோக்கி சுத்தம் செய்பவர் வந்து, உள்ளேயிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துக் காட்டினார். கறுப்புக் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. பொடிக்கரியாக இருந்தால் பிரஷ்ஷுக்கு வந்துவிடும், இது வராது. இதில் தீப்பிடித்தால் புகைபோக்கிக்குள் வெப்பம் 1000 டிகிரியைத் தாண்டும், ரயில் போவது மாதிரி சத்தம் கேட்கும், காற்று வழிகளையெல்லாம் மூடிவிட்டு வீட்டை விட்டு வெளியே ஓடி, தீயணைப்புக்குப் போன் செய்யுங்கள் என்று சாவதானமாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து கணப்பில் எந்தச் சத்தம் கேட்டாலும் என் மனைவி கூரையைப் பார்க்கிறாள்.

இந்த லட்சணத்தில் எனக்கு ஒரு நோட்டீஸும் வந்திருக்கிறது. என் புகைபோக்கியிலிருந்து அளவுக்கு மீறிப் புகை வருகிறதாம், ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். புகார் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அந்தப் புகையை நானும்தான் சுவாசித்தேன். விறகுப் புகையின் நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை போகும் என்பது எனக்கும் தெரியும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மாதிரி ஒரு பக்கம் நோட்டீஸ், மறுபக்கம் உங்கள் பில். நோட்டீஸ் அனுப்பிய அதிகாரிகள் விறகுக் கிடங்கு பக்கம் ஒருநாளாவது எட்டிப் பார்த்ததுண்டா? புகை கிளம்பும் இடத்தைப் பார்க்க ஆள் இருக்கிறது. தண்ணீரை விறகு என்று விற்கும் இடத்தைப் பார்க்க யாரும் இல்லை.

கணப்பு செய்கிறவர்களையும் சும்மா விடக் கூடாது. எண்பது சதவீதத் திறன் என்று வழவழப்பான தாளில் அச்சடித்திருக்கிறார்கள், பக்கத்திலேயே கம்பளத்தில் ஒரு பூனை படுத்திருக்கிற படம். அந்த எண்பது பக்குவமாகக் காய்ந்த, அளந்து எடுத்த கட்டைகளை வைத்துச் சோதனைக் கூடத்தில் எடுத்த கணக்கு. என் வீட்டில் அந்தப் பூனை இருந்திருந்தால் அன்று ராத்திரி அம்மாவின் போர்வைக்குள் போயிருக்கும்.

அளவு விஷயத்தைப் பேசினால் இந்த மடல் முடியாது. சும்மா கொட்டிய ஒரு கன மீட்டர் விறகை ஒழுங்காக அடுக்கினால் ஏறத்தாழ 0.6 கன மீட்டர்தான் வரும். நடுவில் இருந்ததெல்லாம் காற்று. எடைக் கணக்கில் வாங்கினால் காற்றுக்குப் பதில் தண்ணீருக்குக் காசு. காற்றையும் தண்ணீரையும் விற்றுப் பிழைக்க முடியும் என்று உலகத்துக்குக் காட்டிய பெருமை உங்களில் சிலருக்கு உண்டு.

மன்னிக்கவும். கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். உங்களில் நேர்மையாக வியாபாரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பிளந்து, அடுக்கி, ஒன்றிரண்டு வருடம் காத்திருந்து விற்பதென்றால் இடமும் வேண்டும், முடங்கிக் கிடக்க முதலும் வேண்டும். அப்படிச் செய்கிறவரும், போன வாரம் பிளந்ததை இந்த வாரம் லாரியில் ஏற்றுகிறவரும் பில்லில் ஒரே வார்த்தையைத்தான் எழுதுகிறார்கள்: ‘காய்ந்தது’. நான் கேட்கும் அந்த ஒரு எண்ணால் முதலில் லாபமடைவது அந்த நேர்மையான வியாபாரிதான்.

இது நடக்காத காரியமும் இல்லை. இங்கிலாந்தில் 2021 மே மாதத்திலிருந்து, 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. 2 கன மீட்டரோ அதற்கு மேலோ மொத்தமாக வாங்குகிறவர்களுக்குப் பச்சை விறகையும் விற்கலாம், ஆனால் அதை எப்படிக் காய வைப்பது என்று எழுதிக் கொடுத்தாக வேண்டும். எனக்குச் சட்டம்கூட வேண்டாம். பச்சை விறகு என்றால் பச்சை விறகு என்று சொல்லி விற்றாலும் வாங்கிக்கொள்வேன். அடுத்த வருடத்துக்கு அடுக்கி வைக்க என் வீட்டுப் பின்பக்கம் இடம் இருக்கிறது. இந்த ராத்திரிக்கு எரிக்க முடியாததை இந்த ராத்திரிக்கென்று விற்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஆகவே தயவுசெய்து உங்கள் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். கட்டையைப் பிளந்து, உள்முகத்தில் அளந்து, பில்லில் எழுதிக் கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள். உறுப்பினர்கள் எல்லோரையும் ஒரே நாளில் சம்மதிக்க வைப்பது கஷ்டம் என்றால், சம்மதிப்பவர்களின் பெயர்ப் பட்டியலையாவது வெளியிடுங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

வரும் வெள்ளிக்கிழமை எனக்கு இரண்டாவது லோடு வருகிறது. அம்மா இன்னும் இங்கேதான் இருக்கிறார். கோடாலியையும் ஈரமானியையும் வாசலில் எடுத்து வைத்திருப்பேன். எந்தக் கட்டையைப் பிளப்பது என்று அம்மா கைகாட்டுவார். உங்கள் ஆளிடம் இப்போதே சொல்லி அனுப்பிவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாடிக்கையாளர்