கொங்கோ நாட்டு ஞானஸ்நானம்

அன்புள்ள தேவராஜ் அவர்களுக்கு,

வணக்கம். கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று அறிந்து நிம்மதியடைந்தேன். இங்கு அனைவரும் நலம். சின்னவளுக்குத் தை மாதத்தில் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. பத்திரிகை தனியே வரும்.

ஆப்பிரிக்காவுக்குக் கிறித்தவம் ஐரோப்பியரின் துப்பாக்கிக்குப் பின்னால்தான் போனது என்று எழுதியிருந்தீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பொறுத்தவரை அதில் பெரும் உண்மை உண்டு. ஆனால் இன்றைய அங்கோலாவின் வடபகுதியில் இருந்த கொங்கோ அரசின் கதை வேறு. 1483-இல் தியோகோ காவ் என்ற போர்த்துக்கீசிய மாலுமி கொங்கோ ஆற்றின் முகத்துவாரத்தை அடைந்தார். 1491 மே 3 அன்று மன்னர் ந்சிங்கா அ ந்குவு தம் விருப்பத்தின்பேரில் ஞானஸ்நானம் பெற்று, ஜோவாவ் என்ற பெயரை ஏற்றார். யாரும் அவரைப் போரில் வென்றிருக்கவில்லை.

அதன்பின் நடந்ததாகப் போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர் ரூய் தெ பினா எழுதியுள்ள ஒரு நிகழ்ச்சி என்னை வெகுவாகக் கவர்ந்தது. பிரபுக்கள் இருவர் ஒரே கனவைக் கண்டார்கள். அழகிய பெண்ணொருத்தி அதில் தோன்றினாள். அவர்களில் ஒருவர் தம் வீட்டருகே சிலுவை வடிவில் ஒரு கருங்கல்லைக் கண்டெடுத்தார். பாதிரிமார்கள் அதைத் தேவமாதாவின் அற்புதம் என்று கொண்டாடினார்கள். கனவின் வழியாகவும், இயற்கையில் கிடைக்கும் விந்தையான பொருள்களின் வழியாகவும் மறுவுலகம் பேசும் என்பது கொங்கோ மக்களின் பழைய நம்பிக்கை. ஆகவே இரு தரப்பாரும் ஒரே கல்லை, அவரவர் காரணத்தால், மனமார ஏற்றுக்கொண்டார்கள். இந்தச் சந்திப்பின் சாரமே இதுதான் என்று நான் கருதுகிறேன்: புதிய சமயத்தை அவர்கள் தங்கள் மண்ணில் தங்களுக்கே கிடைத்த வெளிப்பாடாகப் பெற்றார்கள்.

மன்னர் ஜோவாவின் மகன் முதலாம் அஃபோன்சோ, புனித யாக்கோபு வானில் தோன்றித் தமக்கு வெற்றி தந்ததாகச் சொல்லி அரியணை ஏறினார். ஜூலை 25, அப்புனிதரின் திருநாள், நாட்டின் பெருவிழாவாயிற்று. அவர் பள்ளிகளை நிறுவினார். அவருடைய மகன் ஹென்ரிக் 1518-இல் திருத்தந்தையால் ஆயராக நியமிக்கப்பட்டார். அடிமை வணிகர்கள் அஃபோன்சோவின் உறவினரைக்கூடப் பிடித்துச் செல்கிறார்கள் என்று அவர் 1526-இல் போர்த்துக்கல் மன்னருக்கு எழுதிய முறையீட்டைப் படித்தால் மனம் கனக்கிறது. அவருடைய அரசும் அந்த வணிகத்தில் பங்கு கொண்டிருந்தது என்பதையும் மறைக்கலாகாது.

ஊர்ப்புறத்து மக்களுக்கோ ஞானஸ்நானம் என்றால் உப்புத் தின்பது. சடங்கின்போது குருவானவர் நாவில் வைக்கும் சிட்டிகை உப்பு பில்லி சூனியத்திலிருந்து காக்கும் என்று நம்பியதால், தண்ணீர் வேண்டாம், உப்பு மட்டும் போதும் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். 1645-இல் வந்திறங்கிய கப்புச்சின் என்னும் கத்தோலிக்கச் சபைத் துறவிகள் இதைக் கண்டு வருந்தினார்கள். ஆயினும் கேட்டவர்களுக்கெல்லாம் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள். மோதல் மூண்டது காப்புப் பொருள்களான ‘ந்கிசி’களை அவர்கள் எரிக்கத் தொடங்கிய இடத்தில்தான். 1652-இல் ஜோரிஸ் வான் கேல் என்ற துறவி அவ்வாறு எரித்தபோது ஊரார் அடித்ததில் உயிரிழந்தார்.

எல்லாவற்றிலும் என்னை உலுக்கியவர் கிம்பா வீட்டா. 1665-இல் போர்த்துக்கீசியருடன் நடந்த ம்புவிலாப் போரில் மன்னர் அந்தோனியோ கொல்லப்பட்டபின் உள்நாட்டுப் போர் மூண்டு, தலைநகர் ம்பன்சா கொங்கோ பாழாய்க் கிடந்தது. 1704-இல், ஏறத்தாழ இருபது வயதே ஆன இந்தப் பெண், புனித அந்தோணியார் தம் உடலில் குடிகொண்டிருப்பதாக அறிவித்தார். இயேசு பிறந்தது ம்பன்சா கொங்கோவில் என்று போதித்து, பாழடைந்த நகரில் மக்களைக் குடியேற்றினார். கவனியுங்கள், அவரும் ந்கிசிகளை எரிக்கச் சொன்னவர்தான். எனவே பழைய சமயம் புதியதை எதிர்த்த கதையாக இதை என்னால் பார்க்க முடியவில்லை. புனிதர்களின் சார்பாகப் பேசும் உரிமை கொங்கோ மண்ணில் பிறந்தவருக்கு உண்டா என்பதே அங்கு எழுந்த வழக்கு. 1706 ஜூலை 2 அன்று, மன்னர் நான்காம் பெட்ரோவின் ஆட்சியில், கப்புச்சின் துறவிகளின் இசைவோடு, அவர் சமயப் புரட்டர் என்று தீர்ப்பளிக்கப்பட்டு எரிக்கப்பட்டார். 1709-இல் அதே பெட்ரோ ம்பன்சா கொங்கோவைக் கைப்பற்றி அங்கே குடியேறினார்.

குருமடத்து நூலகத்தில் உங்களுக்குப் பழக்கம் உண்டல்லவா? அந்தக் காலத்துக் கப்புச்சின் துறவிகள் எழுதிய பயணக் குறிப்புகள் மொழிபெயர்ப்பில் கிடைக்குமா என்று விசாரித்து எழுதுங்கள். திருமணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே குடும்பத்தோடு வந்துவிட வேண்டும்.

என்றும் அன்புடன்,
மாசிலாமணி