‘பைக் ரேஸ்’ என்ற ஒரே தலைப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நள்ளிரவில் நெடுஞ்சாலையில் வண்டிகளைச் சீறவிட்டுக் காவல்துறையிடம் சிக்கிய இளைஞர்களைப் பற்றிய செய்திக்கும், பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையே உள்ள ஐல் ஆஃப் மேன் தீவில் நடக்கும் டி.டி. (டூரிஸ்ட் டிராபி) மோட்டார் சைக்கிள் போட்டியைப் பற்றிய செய்திக்கும் நம் நாளிதழ்கள் ‘பைக் ரேஸ்’ என்று ஒரே தலைப்பை இடுகின்றன. இரண்டும் பொதுச்சாலையில் நடப்பதால் வந்த மயக்கம் இது. வட அயர்லாந்தின் பாலிமணிக்கு அருகே 1952இல் பிறந்த டி.டி. வீரர் ஜோயி டன்லப்பின் பந்தய வாழ்க்கையைச் சற்றே அறிந்தவர்கூட இரண்டையும் ஒன்றாகக் கருத மாட்டார்.

சென்னைக்கு அருகே உள்ள நம் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில் ஒரு சுற்று நான்கு கிலோமீட்டருக்கும் குறைவு. ஒரே நாளில் பலமுறை சுற்றி வளைவுகளைப் பழகிவிடலாம். ஐல் ஆஃப் மேன் பாதையிலோ ஒரு சுற்றே சுமார் 60 கிலோமீட்டர். ஊர்த்தெருக்களின் கல்சுவர்களை ஒட்டிச் சென்று, ஸ்னேஃபெல் மலைமீது ஏறி இறங்கும் அந்தப் பாதையின் இருநூறுக்கும் மேற்பட்ட வளைவுகளை மனத்தில் பதித்துக்கொள்ள ஆண்டுகள் பிடிக்கும். அங்கே அனுபவம் வயதை ஈடுகட்டுவதற்குக் காரணம் இதுதான். 1977இல் முதல் டி.டி. வெற்றியைப் பெற்ற டன்லப், 2000ஆம் ஆண்டில், தம் 48ஆம் வயதில், ஒரே வாரத்தில் மூன்று பந்தயங்களை வென்று மொத்த வெற்றிகளை 26 ஆக்கினார். அதே வாரத்தில் ஒரு சுற்றைச் சராசரியாக மணிக்குச் சுமார் 199 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தார், அவரது டி.டி. வாழ்க்கையிலேயே அதிவேகச் சுற்று அதுதான்.

அங்கே பந்தய நேரத்தில் சட்டப்படி சாலை மூடப்படுகிறது. வழிநெடுகத் தன்னார்வக் கண்காணிப்பாளர்கள் கொடியுடன் நிற்கிறார்கள். வீரர்கள் இடைவெளி விட்டுப் புறப்படுவதால் பெரும்பாலும் கடிகாரத்தோடுதான் போட்டியிடுகிறார்கள். நம் ஊர் நள்ளிரவுப் பந்தயத்திலோ எதிரே வேலை முடிந்து வீடு திரும்பும் ஒருவர் வருகிறார். அவரை யாரும் கேட்டுக்கொண்டு அதை நடத்துவதில்லை.

டன்லப் சொந்த ஊரில் மதுக்கடை நடத்தியவர், தம் வண்டிகளின் பழுதைத் தாமே பார்த்தவர். ருமேனியா, போஸ்னியா போன்ற நாடுகளின் ஆதரவற்ற குழந்தைகளுக்கு உணவையும் உடையையும் வேனில் ஏற்றிக்கொண்டு தாமே ஓட்டிச் சென்றார். அதற்காக 1996இல் பிரிட்டிஷ் அரசின் ஓ.பி.இ. விருது பெற்றார்.

சட்டப்படி நடப்பதால் இது ஆபத்தற்றது என்று நான் வாதிடவில்லை. ஐல் ஆஃப் மேன் பாதையில் இதுவரை 250க்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்திருக்கிறார்கள். அந்த மூன்று வெற்றிகளுக்கு அடுத்த மாதமே, 2000 ஜூலை 2 அன்று, எஸ்டோனியாவின் தாலின் நகரில் மழையில் நடந்த 125 சிசி பந்தயத்தில் டன்லப் மரங்களில் மோதி உயிரிழந்தார். அவர் தம்பி ராபர்ட் 2008இலும், ராபர்ட்டின் மகன் வில்லியம் 2018இலும் சாலைப் பந்தயப் பயிற்சி ஓட்டங்களில் இறந்தனர். ராபர்ட்டின் இன்னொரு மகன் மைக்கேல்தான் 2024இல் பெரியப்பாவின் 26 வெற்றிகளைத் தாண்டினார். இதைத் துணிவு என்பதா, பிடிவாதம் என்பதா என எனக்கே இன்னும் தெளிவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் சிறியதுதான். சட்டப்படி நடப்பதைச் ‘சாலைப் பந்தயம்’ என்றும், மற்றதைச் ‘சட்டவிரோத வேகப் போட்டி’ என்றும் தனித்தனியே எழுதுங்கள். சாலைப் பந்தய வீரர் ஒருவர் இறந்த செய்தியை, அது எந்தப் பாதை, எந்த வகைப் பந்தயம் என்ற விவரத்தோடு விளையாட்டுப் பக்கத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.